சர்வர் எழாதபோது, ஃபைல் காணாதபோது, பேக்கப் திறக்காதபோது: சிறு நிறுவனங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஐந்து முதல் ஐம்பது கணினிகள், ஒரு மூலையில் சர்வர் அல்லது நாஸ் பெட்டி (எல்லாக் கணினிகளும் பகிரும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி), டாலியில் கணக்கு, ஒரு யூபிஎஸ், போன் செய்தால் வரும் ஒரு சர்வீஸ் ஆள். கொங்குப் பகுதியின் பெரும்பாலான வணிக அலுவலகங்களில் ஐடி துறை என்பது இவ்வளவுதான். அத்தகைய அலுவலகங்களில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளைச் சரிசெய்துவந்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. கண்ணுக்குத் தெரியும் அறிகுறியைக் கொண்டு உரிய பகுதிக்குச் செல்லலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் இருக்கும்.

எந்த அறிகுறியானாலும் ஒரு விதி பொதுவானது: தரவு இருந்த டிஸ்க்கில், என்ன நடந்தது என்று தெரியும்வரை, புதிதாக எதையும் எழுதக் கூடாது. அழிந்த ஃபைலை மீட்கும் மென்பொருளை அதே டி டிரைவில் நிறுவுவது, டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் நிரலை ஓட்டுவது, விண்டோஸை மறுபடி போடுவது, நன்றாக இருந்த ஒரே பேக்கப்பின் மேல் கெட்டுப்போன தரவை இன்னொரு முறை பேக்கப் எடுப்பது ஆகிய நான்கும் எழுதுவதில்தான் சேரும். மீட்க முடியாமல் போன தரவுகளில் பலவற்றை அழித்தது முதல் பழுது அன்று. அதற்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட இந்த வேலைகளே அவற்றை அழித்திருக்கின்றன.

அறிகுறி: சர்வர் எழவே இல்லை

*விளக்கே எரியவில்லை என்றால்*

யூபிஎஸ்ஸின் வெளியீட்டில் மின்சாரம் வருகிறதா என்பதை வேறொரு சாதனத்தைச் செருகிப் பாருங்கள். பேட்டரி செத்துப்போன யூபிஎஸ், மின்வெட்டுக்குப் பிறகு தானாக எழாமல் நின்றுவிடுவது வழக்கம். அது சரியென்றால் பவர் கார்டை மாற்றிப் பாருங்கள், அதன் பிறகு கணினிக்குள் மின்சாரம் பகிரும் எஸ்எம்பிஎஸ்ஸை. இம்மூன்றில் எதுவானாலும் தரவுக்கு ஆபத்தில்லை.

*விளக்கு எரிகிறது, திரை கறுப்பாக இருக்கிறது அல்லது பீப் ஒலி வருகிறது*

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ராம் என்ற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, இரு பக்கமும் ‘டக்’ என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பஞ்சு பறக்கும் பின்னலாடை அலுவலகங்களில் இந்த ஒரு வேலையிலேயே பாதிக் கணினிகள் எழுந்துவிடும்.

*‘பூட் சாதனம் இல்லை’ என்கிறது*

செருகியிருக்கும் எல்லா யூஎஸ்பி டிஸ்க்குகளையும் பிடுங்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். பேக்கப் டிஸ்க்கிலிருந்து பூட் ஆக முயன்று நிற்கும் சர்வர்கள் உண்டு. அடுத்து, விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் சென்று தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்துப் பயன்படுத்துவது) என்று இருந்த சேமிப்பு முறை வேறொன்றாக மாறிவிட்டால், டிஸ்க்குகள் நலமாக இருந்தும் விண்டோஸ் எழாது. சில பத்து ரூபாய் பேட்டரிக்காக முழு சர்வரையும் ஃபார்மட் செய்யலாம் என்று பரிந்துரைப்பவரை அனுப்பிவிட்டு, பழைய முறை எது என்பதை முதலில் கண்டறியுங்கள்.

*டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்க்கும்போது*

‘பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால் ரத்து செய்யும் பொத்தானை அழுத்துங்கள். டிஸ்க்கின் பிரிவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லும் அட்டவணை மட்டும் கெட்டிருந்தாலும் அது இப்படித்தான் கேட்கும், தரவு உள்ளேயே இருக்கும்.

*நிபுணரை அழைக்க வேண்டிய இடம்:* டிஸ்க்கிலிருந்து சீரான இடைவெளியில் ‘கிளிக், கிளிக்’ என்று ஒலி வந்தால், அல்லது இரண்டு கணினிகளின் பயாஸிலும் டிஸ்க் தெரியாவிட்டால், உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். டிஸ்க்குக்குள் சுழலும் தட்டின் மேற்பரப்பை, அதைப் படிக்கும் தலை உரசிக்கொண்டிருந்தால், இன்னொரு முறை இயக்கிப் பார்ப்பது கூட மீட்பு வாய்ப்பைக் குறைக்கும். தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகம் மட்டுமே அதைத் திறக்க வேண்டும். தெருமுனைக் கடையில் திறந்து பார்த்த டிஸ்க்கை ஆய்வகங்கள் தயங்கித்தான் வாங்கும்.

அறிகுறி: நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கிறது

இது பிட்லாக்கர், டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. பயாஸ் புதுப்பித்தல், மதர்போர்டு மாற்றம், சில சமயம் ஒரு விண்டோஸ் புதுப்பித்தல் ஆகியவற்றுக்குப் பிறகு வரும். டிஸ்க் கெட்டதற்கான அடையாளம் அன்று. புதிய விண்டோஸ் 11 கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு உள்நுழைந்தாலே குறியாக்கம் இயங்கத் தொடங்கிவிடுவதால், தான் போடாத பூட்டுக்குச் சாவி கேட்கப்படுவதைப் போலப் பலரும் திகைக்கிறார்கள். முதன்முதலில் அந்தக் கணினியை அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் மீட்புச் சாவி இருக்கும். பெரும்பாலும் அது விற்ற கடைக்காரரின் அல்லது வேலையை விட்டுப்போன ஊழியரின் மின்னஞ்சலாக இருப்பதுதான் சிக்கல்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. சேஃப் மோடில் சென்று ஒரு ஃபைலை அழித்தால் போதும் என்பது சில மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆயினும் கணினிக்குக் கணினி நேரில் போய் பிட்லாக்கர் சாவியைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால் பல நிறுவனங்களில் மீட்பு நாட்கணக்கில் நீண்டது. சாவிகளின் பட்டியலையே பூட்டப்பட்ட சர்வரில் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். எல்லாக் கணினிகளின் சாவிகளையும் அச்சிட்டு உரிமையாளரின் பீரோவில் வையுங்கள். சாவி எங்குமே இல்லையென்றால் நிபுணரை அழைத்தும் பயனில்லை, பேக்கப்புக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: ஒரு ஃபைல் அல்லது ஃபோல்டர் மட்டும் காணவில்லை

முதலில் தேடுங்கள். மவுஸ் வழுக்கி, பக்கத்து ஃபோல்டருக்குள் இழுத்துப் போடப்பட்டிருப்பதே மிகப் பொதுவான காரணம்.

தேடியும் இல்லையென்றால், அது எங்கே இருந்தது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. தன் கணினியிலேயே அழித்திருந்தால் ரீசைக்கிள் பின்னில் இருக்கும். சர்வரின் பகிரப்பட்ட ஃபோல்டரில் வேறு கணினியிலிருந்து அழித்திருந்தால் எந்த ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது, நேராக அழிந்துவிடும். அப்போது அந்த ஃபோல்டரின் மேல் வலது பொத்தானை அழுத்தி முந்தைய பதிப்புகளைப் பாருங்கள். விண்டோஸ் சர்வரில் ஷேடோ காப்பி (ஃபைல்களின் முந்தைய நிலையைத் தானாகச் சேமிக்கும் வசதி) இயக்கப்பட்டிருந்தால், இயல்பமைப்பில் வார நாட்களில் காலை 7 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் ஒரு நகல் இருக்கும். நாஸ் என்றால் அதன் ரீசைக்கிள் ஃபோல்டரை நிர்வாகி கணக்கில் நுழைந்து பாருங்கள், சாதாரணப் பயனர் கண்ணுக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

கூகுள் டிரைவ் என்றால் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருக்கும். அலுவலகக் கணக்காக இருந்தால், தொட்டி காலியான பிறகும் மேலும் 25 நாட்களுக்கு நிர்வாகியால் மீட்க முடியும். அலுவலகத்துக்கான ஒன்டிரைவில் 93 நாட்கள். இக்கெடுவை மறந்துவிட்டு மூன்று மாதங்கள் கழித்து ஆண்டுத் தணிக்கையின்போது தேடுபவர்களே அதிகம்.

இவை எதிலும் இல்லையென்றால் மீட்பு மென்பொருள்தான். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, மீட்டதை மூன்றாவது டிஸ்க்கில் சேமியுங்கள். அழிந்தது சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்கில் என்றால் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்: அழிக்கப்பட்ட இடத்தை விண்டோஸ் உடனே எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துவிடும், அதுவும் அதைத் துடைத்துவிடும். பழைய சுழலும் டிஸ்க்கில் இருந்த வாய்ப்பு இங்கே இல்லை.

அறிகுறி: டாலி திறக்கிறது, கம்பெனி திறக்க மறுக்கிறது

டாலியை எல்லாக் கணினிகளிலும் மூடிவிட்டு, தரவு ஃபோல்டரை அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். இதற்குப் பிறகு செய்வதெல்லாம் அந்த நகலின் மேல்தான். டாலியில் இருக்கும் பழுது நீக்கும் வசதியை அசலின் மேல் நேரடியாக ஓட்டி, அது கெட்ட வவுச்சர்களைத் தள்ளிவிட்டு, பிறகு எவை போயின என்று தெரியாமல் நிற்பது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

காரணங்களில் எளியது, ஃபோல்டரின் பாதை மாறியிருப்பது அல்லது சர்வருடன் இணைப்பு அறுந்திருப்பது. அடுத்தது, பதிவு சேமிக்கப்படும் நொடியில் மின்சாரம் போனது, அல்லது சர்வரில் இருக்கும் தரவை லேப்டாப்பிலிருந்து வைஃபை வழியாகத் திறந்து வேலை செய்யும்போது இணைப்பு அறுந்தது. மூன்றாவது, தரவு ஃபோல்டரையே ஒன்டிரைவ் அல்லது கூகுள் டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள் வைத்திருப்பது. பேக்கப் தானாக நடக்கிறது என்ற நம்பிக்கையில் இதைச் செய்கிறார்கள். திறந்திருக்கும் தரவுத்தளத்தின் பாதியை ஒத்திசைவு மென்பொருள் ஏற்றிவிட்டு, மறுபக்கத்திலிருந்து பழைய பாதியை இறக்கிவிட்டால், ஒன்றுக்கொன்று பொருந்தாத துண்டுகளே மிஞ்சும். தரவு சாதாரண ஃபோல்டரில் இருக்க வேண்டும். டாலி எடுத்துத் தரும் பேக்கப் ஃபைல் மட்டுமே மேகத்துக்கு (இணையச் சேமிப்புக்கு) போக வேண்டும்.

*நிபுணரை அழைக்க வேண்டிய இடம்:* நகலின் மேல் ஒரு முறை பழுது நீக்கியும் திறக்காவிட்டால், அல்லது திறந்தும் இருப்புநிலைக் குறிப்பின் தொகைகள் பொருந்தாவிட்டால், டாலியின் அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் கெடாத அந்த முதல் நகலைக் கொடுங்கள்.

அறிகுறி: ஃபைல் பெயர்களின் வால் மாறியிருக்கிறது, பணம் கேட்கும் குறிப்பு இருக்கிறது

இது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல். ஆராய்ச்சி பிறகு, முதலில் பாதிக்கப்பட்ட கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், ஸ்விட்ச்சின் மின்சாரத்தையே துண்டித்தாலும் தவறில்லை. செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்கைப் பிடுங்குங்கள். செருகாமல் இருப்பதை, பேக்கப் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் செருகாதீர்கள். கணினியை உடனே அணைத்துவிட வேண்டாம். நினைவகத்தில் இருக்கும் தடயம் விசாரணைக்கு உதவலாம். ஃபைல்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருப்பது கண்முன் தெரிந்தால் மட்டும் அணையுங்கள்.

பிறகு, எந்தக் கணினியில் தொடங்கியது என்று பாருங்கள். பகிரப்பட்ட ஃபோல்டரில் பணம் கேட்கும் குறிப்பு ஃபைலின் உரிமையாளர் பெயரைப் பார்த்தாலே, எந்தப் பயனரின் கணக்கிலிருந்து அது எழுதப்பட்டது என்பது பெரும்பாலும் தெரியும். ஒரே ஒரு கணினியின் கணக்கு என்றால் மின்னஞ்சல் இணைப்பையோ திருட்டு மென்பொருளையோ சந்தேகியுங்கள். சர்வரின் நிர்வாகி கணக்கே என்றால் ரவுட்டருக்குள் நுழைந்து, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 என்ற போர்ட் வெளியுலகுக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளர் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்தில் திறந்துவைத்து, கம்பெனி பெயருடன் 123 சேர்த்துக் கடவுச்சொல் வைத்திருந்தால், திருடன் பூட்டை உடைக்கவே தேவையில்லை. இந்த வாசலை அடைக்காமல் பேக்கப்பை மீட்டால் மறு வாரமே அதே குறிப்பு மறுபடியும் வரும்.

ஷேடோ காப்பிகளை நம்ப வேண்டாம், இத்தகைய நிரல்கள் முதல் வேலையாக அவற்றைத்தான் அழிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், பூட்டப்பட்ட மாதிரி ஃபைல் ஒன்றை ஏற்றினால் இலவசத் திறவுகோல் இருக்கிறதா என்பது தெரியும். இன்று இல்லையென்றாலும் பூட்டப்பட்ட டிஸ்க்கை அழிக்காமல் எடுத்து வையுங்கள். சில குழுக்களின் சாவிகள் பல மாதங்கள் கழித்து வெளியாகியிருக்கின்றன.

மீட்பதற்கு வேறொரு டிஸ்க்கில் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். பேக்கப்பில் எந்தத் தேதியை எடுப்பது என்பதில் கவனம் தேவை: குறிப்பு தோன்றிய நாளுக்கு முந்தைய பேக்கப் போதாது, நுழைவு நிகழ்ந்த நாளுக்கு முந்தையது வேண்டும். ஒரே ஒரு பேக்கப்பை இரவுதோறும் மேலெழுதும் அலுவலகங்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

*நிபுணரை அழைக்க வேண்டிய இடம்:* ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தால் முதல் மணி நேரத்திலேயே. கூடவே, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டு வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் பதியுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை முதலில் அழையுங்கள். காப்பீட்டுக்கும் தணிக்கையாளருக்கும் இந்தப் புகார் எண் தேவைப்படும்.

அறிகுறி: பேக்கப் ‘வெற்றி’ என்கிறது, மீட்டால் ஒன்றுமில்லை

இதைத்தான் மிக அதிகமாகக் காண்கிறேன். தரவு போன பிறகே தெரியவரும் என்பதால் மிகக் கொடியதும் இதுவே. தரவு நலமாக இருக்கும் இன்றே கீழுள்ளவற்றைச் சோதித்துவிடலாம்.

*பேக்கப்புக்குள் இருக்கும் புதிய ஃபைலின் தேதி பழையது*

தரவு இடம் மாறியிருக்கிறது, பேக்கப் மாறவில்லை. புதிய பதிப்பு நிறுவியபோதோ டிஸ்க் நிறைந்தபோதோ டாலியின் ஃபோல்டர் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்குப் போயிருக்கும். பேக்கப் நிரல் யாருமே தொடாத பழைய ஃபோல்டரை இரவு தவறாமல் நகலெடுத்துவிட்டுப் பச்சைக் குறி போடும். அதன் கணக்கில் பிழையே இல்லை. பேக்கப் ஃபோல்டரின் தேதியைப் பார்க்காதீர்கள், அது நேற்றைய தேதியைத்தான் காட்டும். உள்ளே இருக்கும் ஃபைல்களைத் தேதி வாரியாக அடுக்கி, மேலே வருவதைப் பாருங்கள்.

*பேக்கப் ஃபோல்டரே புதுப்பிக்கப்படவில்லை*

யூஎஸ்பி டிஸ்க்கின் எழுத்து மாறியிருக்கும். யாரோ பென் டிரைவ் செருகியிருந்த நேரத்தில் சர்வர் மறுதொடக்கம் ஆகி, ஈ டிரைவாக இருந்தது எஃப் டிரைவாகிவிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பேக்கப் டிஸ்க்குக்குக் கடைசி எழுத்துகளில் ஒன்றை நிலையாகக் கொடுத்துவிட்டால் இது திரும்ப வராது. எழுத்து சரியாக இருந்தால் டாஸ்க் ஷெட்யூலரில் கடைசி இயக்க முடிவைப் பாருங்கள். நிர்வாகியின் கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருந்தால் அந்த வேலை அன்று முதல் ஓடியிருக்காது. டிஸ்க் நிறைந்திருப்பதும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

*ஃபைல் இருக்கிறது, அளவு பூஜ்ஜியம் அல்லது திறக்க மறுக்கிறது*

பேக்கப் ஓடிய நேரத்தில் அந்த ஃபைல் திறந்திருந்தது. இரவு எட்டு மணிக்கு பேக்கப் வைத்துவிட்டு ஒன்பது மணிவரை பில் போடும் கடைகளிலும், மாலையில் டாலியை மூடாமலே வீட்டுக்குப் போகும் அலுவலகங்களிலும் இது சாதாரணம். நேரத்தைப் பின்னிரவுக்கு மாற்றுங்கள், அல்லது அந்த மென்பொருள் தரும் பேக்கப் வசதியையே பயன்படுத்தி அதன் வெளியீட்டை நகலெடுங்கள்.

*கடவுச்சொல் கேட்கிறது*

குறியாக்கம் செய்யப்பட்ட பேக்கப்பை அமைத்தவர் இப்போது அலுவலகத்தில் இல்லை. அவரைத் தேடிப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கிடைக்காவிட்டால் இன்றே புதிய கடவுச்சொல்லுடன் புதிய பேக்கப் தொடங்கி, பழையதை இல்லாததாகவே கருதுங்கள்.

*தோல்வி அறிவிப்பு மின்னஞ்சல் வரவில்லை, ஆகவே எல்லாம் சரி*

இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் கட்டளை இட்டு, ஏறத்தாழ 300 ஜிபி அளவுள்ள முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். மீட்கப் போனபோது, அன்றாட பேக்கப் பதிப்புப் பொருத்தமின்மையால் ஓடாமலே இருந்ததும், அந்தத் தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வடிகட்டப்பட்டு யார் கைக்கும் வராததும் தெரியவந்தன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. உலகறிந்த மென்பொருள் நிறுவனத்திலேயே இப்படியென்றால், மூன்று கணினிகளும் ஒரு பிரிண்டரும் உள்ள அலுவலகத்தில் அறிவிப்பு வராததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. தோல்வியை மட்டும் சொல்லும் அறிவிப்பை நிறுத்திவிட்டு, தினமும் அளவோடும் தேதியோடும் வரும் அறிவிப்பாக மாற்றுங்கள். அது வராத நாளில் யாராவது கேட்பார்கள்.

*உறுதிசெய்யும் ஒரே சோதனை*

சர்வரோடு இணைக்காத வேறொரு கணினியில் பேக்கப்பை மீட்டு, டாலியைத் திறந்து, நேற்றைய கடைசி விற்பனை வவுச்சர் எண்ணையும் ரொக்க இருப்பையும் அசலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் பேக்கப் இருக்கிறது. டிஸ்க்கைக் கையில் எடுத்த நேரத்தையும் முதல் பில் அச்சான நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் போனால் எத்தனை மணி நேரம் கடை நிற்கும் என்ற உரிமையாளரின் கேள்விக்கு அதுவே பதில். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லையென்றால்தான் மாற்று சர்வருக்குச் செலவிட வேண்டும், முன்னதாக வேண்டாம். மாதந்தோறும் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் முடிந்த மறுநாள் கணக்குப் பிரிவு சற்று ஓய்வாக இருக்கும் என்பதால், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்த நாளை இதற்கு ஒதுக்கலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு இது விருப்பத் தேர்வு மட்டும் அன்று: மின்னணு வடிவில் உள்ள கணக்கேடுகளின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் அன்றாடம் வைக்கப்பட வேண்டும் என்று 2022 ஆகஸ்ட்டில் திருத்தப்பட்ட கம்பெனி கணக்கு விதிகள் சொல்கின்றன.

அறிகுறி: நாஸ் பெட்டி பீப் அடிக்கிறது, ஒரு விளக்கு நிறம் மாறியிருக்கிறது

தரவு இன்னும் இருக்கிறது. பீப்பை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு மறந்துவிடாதீர்கள். டிஸ்க்கையும் உடனே பிடுங்காதீர்கள். முதல் வேலை, முக்கியமான ஃபோல்டர்களை வேறொரு டிஸ்க்கில் நகலெடுப்பது. புதிய டிஸ்க் போட்டு மறுகட்டமைக்கும்போது மீதமுள்ள டிஸ்க்குகள் ஒரு நாளுக்கு மேல் இடைவிடாமல் முழுவதுமாகப் படிக்கப்படும். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய டிஸ்க்குகள் என்றால் அவற்றின் வயதும் ஒன்றுதான். இரண்டாவது டிஸ்க் சாய்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

கெட்டது எது என்பதை விளக்கை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், நிர்வாகத் திரையில் காட்டும் சீரியல் எண்ணை டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு டிஸ்க்கின் இழப்பை மட்டுமே தாங்கும் ரெய்டு 5இல், நல்ல டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டால் முழுத் தொகுதியும் போகும். மாற்று டிஸ்க் அதே கொள்ளளவிலோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். எஸ்எம்ஆர் வகை (தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும்) டிஸ்க்கை விலை குறைவென்று வாங்காதீர்கள், மறுகட்டமைப்பு அதில் ஊர்ந்து செல்லும், சில சமயம் பாதியில் தோற்கும்.

*நிபுணரை அழைக்க வேண்டிய இடம்:* இரண்டு டிஸ்க்குகள் போய்விட்டால் பெட்டியை அணைத்து, ஒவ்வொரு டிஸ்க்கிலும் அது இருந்த இடத்தின் எண்ணை மார்க்கரால் எழுதி, எல்லாவற்றையும் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். திரையில் வரும் ‘இனிஷியலைஸ்’ என்ற பொத்தானைத் தொட வேண்டாம்.

அறிகுறி: மின்னஞ்சலோ மேகக் கணக்கோ திடீரெனத் திறக்கவில்லை

தரவு போகவில்லை, வாசல் மூடியிருக்கிறது. டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து கட்டணம்: ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கார்டில் தானாகக் கழியும் தொகைகள் முன்கூட்டியே பதிந்த அனுமதி இல்லாமலும், வரம்பைத் தாண்டும்போது ஓடிபி இல்லாமலும் செல்வதில்லை. கணக்குப் பிரிவு கவனிக்காத இந்தத் தோல்வியால் மேகச் சேவைகள் முடக்கப்படுகின்றன. மூன்றாவது, நிர்வாகி கணக்கின் ஓடிபி வேலையை விட்டுப்போனவரின் கைப்பேசிக்குப் போவது. கம்பெனி பெயரில் ஒரு சிம், அது இருக்கும் சாதாரண போன் ஒன்று கேஷியரின் மேசையறையில்: இவ்வளவு போதும்.

அறிகுறி: அலுவலகத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தள அலுவலகங்கள் பட்டது இது. உள்ளே நுழையும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். யூபிஎஸ் மின்சாரம் இல்லாமலும் தன் பேட்டரியிலிருந்து மின்னோட்டம் தரும் என்பதால், அது தண்ணீரில் நின்றால் எலக்ட்ரீஷியன் வராமல் கால் வைக்காதீர்கள்.

நனைந்த டிஸ்க்கை இயக்கிப் பார்க்கக் கூடாது. வெயிலில் காயவைப்பது, ஹேர் டிரையர், அரிசி மூட்டை ஆகிய எதுவும் வேண்டாம். உலரும்போது சேற்றுநீரின் உப்பும் மண்ணும் தட்டின் மேல் படிந்துவிடும். ஈரத்தோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எதையும் நகர்த்தும் முன் தண்ணீர் மட்டம் தெரியும்படி படமெடுத்து, சீரியல் எண்களைக் குறித்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். கருவிக்கு எடுத்த பாலிசி தரவை மீட்கும் செலவையும் ஏற்கும் என்று எண்ணிக்கொள்ளாமல் விதிகளைப் படியுங்கள்.

பேக்கப் அதே கட்டடத்தில் இருந்ததா என்பதே இங்கே கேள்வி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து அழிந்தபோது, அசலையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். சர்வருக்குப் பக்கத்து அலமாரியில் வைக்கும் டிஸ்க்குக்கும் இதே கதிதான். இரண்டு டிஸ்க்குகள் வாங்கி, சனிக்கிழமைதோறும் மாற்றி, ஒன்றை உரிமையாளர் வீட்டில் வைப்பதே இதற்கான மிக மலிவான தீர்வு; அவர் வீடு அலுவலகத்தின் மாடியிலேயே இருந்தால் வேறு வீடு பாருங்கள்.

அறிகுறி: பேக்கப் எங்குமே இல்லை

தரவு உங்களிடம் இல்லையென்றாலும் பிறரிடம் பெரும்பகுதி இருக்கிறது. திரட்டும் வரிசை முக்கியம்.

தணிக்கையாளர் அலுவலகத்தில், சென்ற ஆண்டுக் கணக்கு முடிக்கக் கொடுத்த டாலி நகல் அநேகமாக இருக்கும். தொடக்க இருப்புகள் அனைத்தும் அதிலிருந்தே வரும் என்பதால் முதல் அழைப்பு அங்கேதான். அதற்குப் பின் வந்த விற்பனையை ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1இலிருந்தும், கொள்முதலை ஜிஎஸ்டிஆர்-2பியிலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் ₹5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு பில்லை அரசு தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்பதால், அவர்களுக்கு வணிக நிறுவனங்களுக்கு விற்ற பில்கள் ஒவ்வொன்றாகவே கிடைக்கும். சரக்கு நகர்வுக்கு இ-வே பில் பட்டியல் இருக்கிறது. வரவு செலவை வங்கி அறிக்கையை எக்செல் வடிவில் வாங்கி டாலிக்குள் ஏற்றலாம். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பிய பிடிஎஃப் பில்கள் போனில் கிடக்கும். பெரிய வாடிக்கையாளர்களிடமும் சரக்குத் தருபவர்களிடமும் லெட்ஜர் நகல் கேட்டு நிலுவைகளைச் சரிபார்க்கலாம்.

எங்குமே கிடைக்காதவை சில உண்டு: ரொக்கச் செலவுகள், ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுத்த சரக்கின் இருப்பு, தாக்கல் செய்யப்படாத நடப்பு மாதத்தின் பில்கள், வடிவமைப்புக் கோப்புகள், ஊழியர்களின் முன்பணக் கணக்கு. இவற்றுக்கு டெலிவரி செலான் புத்தகங்களையும் கேஷியரின் கைக்குறிப்பையும் அன்றே பத்திரப்படுத்துங்கள். குப்பையென்று அவை வெளியே போவது தரவு போன வாரத்தில் அலுவலகத்தைச் சுத்தம் செய்யும்போதுதான்.

*நிபுணரை அழைக்க வேண்டிய இடம்:* ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கேடுகளை ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் வரும் எந்த ஆண்டின் தரவாவது மீளவில்லையென்றால், கைவசம் உள்ளதைக் கொண்டு நீங்களே பதிவு போடத் தொடங்கும் முன் தணிக்கையாளரிடம் புகார் எண், ஆய்வகத்தின் எழுத்துப்பூர்வமான அறிக்கை, தரவு போன தேதி ஆகியவற்றைக் கொடுத்து, துறைக்கு எப்போது, எப்படித் தெரிவிப்பது என்று கேளுங்கள்.